பீலி நின்ற காலை

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள்: மேல் லயம், நடு லயம், கீழ் லயம் என்று தோட்டத்தின் மூன்று வரிசை வீடுகளிலும் இருக்கும் ஆட்களும் பிள்ளைகளுமாக நூற்றுப் பன்னிரண்டு பேர், இரண்டு தகரம் பிஸ்கட்டும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியுமாகச் சந்தியில் கடை வைத்திருக்கும் நானா, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி தலைமையாசிரியர். இல்லாதவர்கள்: முதல் நாளே கண்டிக்குப் போய்விட்ட தோட்டத்துத் துரை, பாதை மூடிவிடும் என்று மத்தியானமே அட்டனுக்கு இறங்கிவிட்ட, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா, கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் இளவட்டங்கள், பிறகு நான். இந்த விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டபோது தொலைபேசியை அணைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இந்தா, நீயே கேட்டுக்க. அப்புறம் அவுங்கள விட்டுட்டேன், இவுங்கள விட்டுட்டேன்னு யாரும் சொல்லப்படாது" என்றார். தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலுக்குள் ஒரு பெயர், அதற்கொரு குரல். இன்னொரு பெயர், அதற்கொரு குரல். கிழக்குக் கரையில், குளிரூட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து நான் அதைக் கடைசி வரை கேட்டேன்.

அவர்களை அந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தது என் சொல். மறுநாள் காலை அங்கிருந்து அவர்களை வெளியே அனுப்பியதும் என் சொல்தான். முதல் சொல்லைப் பற்றி என் அலுவலகம் அறிக்கை எழுதியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி எழுத என்னைத் தவிர ஆளில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், இடதுபுறம் ஏறினால் வருவது எங்கள் தோட்டம். அதன் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், முதன்முதலாகக் கங்காணியான பெண் அவர். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. காலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது கங்காணியின் வேலை. பெரட்டுக்கு வந்தால்தான் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அந்த நாள் ஒரு நாள், அதற்குக் கூலி. மற்றக் கங்காணிமார் தாளைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். அத்தை தாளைப் பார்த்ததே இல்லை. மனசுக்குள்ளேயே மேல் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து நடக்கத் தொடங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று அங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார். ஆள் தப்பியதாக ஒரு முறைகூட நான் கேள்விப்பட்டதில்லை. பிந்தி வருபவர்களுக்கு அவர் வாய்தான் தண்டனை. "வாங்க மாப்ள, தொர வந்து மால போடட்டும்னு நின்னுக்கிட்டிருந்தீங்களோ?" என்பார். பொம்பிளைக்குக் கீழே வேலை செய்ய முடியாது என்று முறுக்கிக்கொண்டு நின்ற ஒருவரிடம், "சரிங்கண்ணே, எனக்குக் கீழ நிக்க வேணாம். உச்சி மலையில செடி வெட்டு இருக்கு, மேல போயிருங்க" என்று அனுப்பியதைச் சொல்லிச் சொல்லி எங்கள் லயம் ஒரு மாதம் சிரித்தது.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் தாண்டியதும் பல்கலைக்கழகம் போனதும் நான்தான் முதல். நான் செய்யும் வேலையை அப்பாவுக்கு விளக்க முடிந்ததில்லை. அத்தைக்கு விளக்க முடிந்தது. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். ஓர் ஆள் நீளம், மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் சின்ன இறக்கை. ஆளில்லாமல் தானாகவே கடலுக்குள் சறுக்கிப் போகும் கருவி. அதற்குச் சுழலும் விசிறி கிடையாது. உடம்புக்குள் இருக்கும் எண்ணெயை வெளிப்பக்கப் பைக்குத் தள்ளினால் இலேசாகி எழும்பும். திரும்ப உள்ளே இழுத்தால் கனத்து இறங்கும். இறங்கும்போதும் ஏறும்போதும் இறக்கையால் முன்னே நகரும். ஆயிரம் மீற்றர் வரை போய், வழி முழுதும் நீரின் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டு, சில மணித்தியாலத்துக்கு ஒரு முறை மேலே வந்து, வாலைத் தூக்கிச் செய்மதிக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப மூழ்கும். மாதக்கணக்கில் இதே வேலை.

அத்தை படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்டா?"

காட்டினேன்.

"எண்ணெய உள்ள இழுத்தா எறங்குது, வெளிய விட்டா ஏறுது. ஒங்க மாமா மாதிரின்னு சொல்லு." மாமா கோடிப்பக்கத்திலிருந்து என்னவோ முனகினார். அத்தை விடவில்லை. "அப்ப நேரத்துக்கு நேரம் மேல வந்து, நான் இருக்கேன்னு சொல்லுது. பெரட்டுக்கு வருது. வராட்டி?"

"வராட்டி தேடுவோம் அத்தை. படகு எடுத்துக்கிட்டுப் போவோம்."

"பரவால்லடா. மீனுக்குக் குடுத்துவச்சிருக்கு" என்றார்.

அதன் பிறகு எப்போது பேசினாலும், "ஒன் மீனு பெரட்டுக்கு வந்துச்சா?" என்றுதான் தொடங்குவார்.

எதற்காக இந்த அளவு என்பதையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். புயல் கடலின் சூட்டைத் தின்று வளர்கிறது. காற்று கடலைக் கடையும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயல் தளரும். எங்கள் விரிகுடாவிலோ பல நேரம் ஆற்று நீரும் மழை நீரும் உப்புக் குறைந்த ஒரு போர்வையாக மேலே கிடக்கும். அந்தப் போர்வையைத் தாண்டிக் குளிர்நீர் ஏறி வருவது கஷ்டம். அப்படி இருந்தால் புயல் பலம் குறையாமலே கரைக்கு வரும். வானத்திலிருந்து பார்க்கும் செய்மதிக்குக் கடலின் தோல் மட்டும்தான் தெரியும். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கருவி.

அந்தப் புயல் திரண்ட மூன்றாம் நாள் எங்கள் கருவி அதன் பாதைக்கு மிக அருகில் இருந்தது. காலையில் அது அனுப்பிய அளவுகளின் வரைகோட்டைப் பார்த்தேன். நினைத்ததைவிட ஆழம் வரை சூடு. அடியில் இருந்த குளிர்நீருக்கு மேலே வர வழியே இல்லை. பக்கத்து மேசையில் மழை முன்னறிவிப்புப் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் என் திரையையும் தன் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கரையிலை ஓயிற சாமான் இல்லை. மலைப்பக்கம்தான் கொண்டுபோய் ஊத்தப் போகுது. உம்மடை ஆக்கள் எங்கை இருக்கினம்?" என்று கேட்டார். நான் அத்தைக்கு எடுத்தேன்.

"லயத்துல யாரும் இருக்கக் கூடாது அத்தை. பள்ளிக்கூடம் எதிர்ப் பக்கத்துல பாறை மேல இருக்கு. அங்க போயிருங்க."

"யாருடா வருவா? சாமியே வந்து கூப்பிட்டாலும் ஒல அடுப்புல இருக்குன்னு சொல்லுவாளுக." பிறகு, "இரு, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அத்தை யாரையும் பயப்படுத்தவில்லை. மூன்று லயத்துக்கும் ஒரே சேதி அனுப்பினார்: சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெரட்டு, குடும்பத்தோடு வர வேண்டும், பேர் வாசிப்பேன். சாயங்காலப் பெரட்டு என்று எங்கள் தோட்டத்தில் ஒன்று நடந்ததே இல்லை. ஆனாலும் வந்தார்கள். வானொலி சொல்லியும் ஒலிபெருக்கி சொல்லியும் அசையாத கால்கள் அந்த ஒரு சொல்லுக்கு அசைந்தன. எதற்காம், என்னவாம் என்று முணுமுணுத்துக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டே வந்தார்கள். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்ததும் அத்தை கதவைச் சாத்தி அதன் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். "வந்தாச்சுல்ல. விடியிற வரைக்கும் இன்னைக்கு வேல இதுதான். முழுப் பேரு போட்டிருக்கேன், எல்லாரும் உக்காருங்க."

அவர்கள் உட்கார்ந்திருந்தபோது நடு லயத்தின் கூரை மேல் ஒரு சவுக்கு மரம் விழுந்தது. கீழே போகும் பாதை இரண்டு இடத்தில் உடைந்து போனது. வீட்டில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது. அத்தை என் பேரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடலுக்குள் ஒரு மீன் பார்த்துச் சொன்னது, அதை எங்கண்ணன் மகன் எனக்குச் சொன்னான் என்று.

ஆறு மணிக்கு முன்பே மழை விட்டது. தொழிற்சாலைக் காவல்காரர் வழக்கம்போலச் சங்கை ஊதினார். லீவு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. துரை ஊரில் இல்லை, கண்டாக்கு ஐயா இல்லை, சொல்வதற்கு ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"விட்டிருச்சுடா. சங்கு ஊதிட்டாங்க. கூடை, படங்கு எல்லாம் லயத்துல கெடக்கு. போய் எடுத்துக்கிட்டு வந்துரலாமா?"

படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுச் சீலை. அது இல்லாமல் மலையில் இறங்க முடியாது. நான் அண்ணனின் திரையை எட்டிப் பார்த்தேன். எங்கள் மலைக்கு மேலே மட்டும் நிறமே இல்லாமல் ஒரு வெள்ளை இடம். அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "இடைவெளிதான் தம்பி. முடிஞ்சுது எண்டு நினைச்சுப் போடாதையும்."

அதையே நான் அத்தைக்குச் சொன்னேன். "பதினோரு மணி வரைக்கும் மழை இல்ல அத்தை. அதுக்கப்புறம் திரும்பவும் வரும்."

அது சரியான தகவல். பதினோரு மணிக்குச் சற்று முன்புதான் மீண்டும் மழை தொடங்கியது. இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அத்தை கேட்டது மழையைப் பற்றி அல்ல, போகலாமா என்று.

உடனே அவர் தொலைபேசியை வைக்கவில்லை. "ஒன்னு கேக்கணும்டா. பீலி நின்னு போச்சு."

மேல் லயத்துக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஓர் இரும்புக் குழாய் வழியாக விழும். அதைத்தான் பீலி என்போம். மூன்று லயமும் குளித்தது, துவைத்தது, குடம் நிறைத்தது எல்லாம் அதில்தான். மாசி வெயிலில் நூல் மாதிரி மெலியும், ஆனால் நின்றதில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்தால் எதிர்ப் பக்கத்தில் அது விழுவது வெள்ளைக் கோடாகத் தெரியும். மூன்று நாள் மழைக்குப் பிறகு அது உருண்டு திரண்டு விழ வேண்டும்.

நான் இருபத்திரண்டு மணித்தியாலம் தூங்கியிருக்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். "சருகு அடைச்சிருக்கும் அத்தை. அடிச்ச காத்துக்கு அப்பிடித்தான்" என்றேன்.

"அப்பிடியுந்தான் இருக்கும்" என்றார் அத்தை. "நீ படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மலை உள்ளுக்குள் நகரத் தொடங்கும்போது நீர் வரும் பழைய வழிகள் மூடிப் போகும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே அவ்வளவு தண்ணீரும் வெளியே வர இடமில்லாமல் தேங்கி நின்றிருக்கிறது. கடலுக்கு அடியில் கருவி கண்டதை வரிக்கு வரி நம்பினேன். என் ஊர் மலைக்கு அடியில் நடந்ததை அத்தை கண்ணால் பார்த்துச் சொன்னார். அதைச் சருகு என்றேன்.

அதன் பிறகு நடந்ததைத் திரும்பி வந்த ஐந்து பேர் சொல்லித்தான் தெரியும். அத்தை எல்லோரையும் விடவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள், புள்ளைகள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று கட்டளை. அந்தக் கட்டளை இல்லாவிட்டால் நான் இதை எழுதும் நிலையில்கூட இருந்திருக்க மாட்டேன். கீழ் லயத்தாரும் நடு லயத்தாரும் போய்ச் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். மேல் லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருக்கும் ஓடைப் பாலத்தில் அத்தை நின்று, வர வர எண்ணினார். ஐந்து பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ஒருவர் கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஒருவர் மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தார், ஒருத்தி அடுப்பு மூட்டிப் பிளேன்டீ வைத்திருந்தாள். அத்தை கீழே நின்று சத்தம் போட்டார்: "கூடை எடுக்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?" பாலத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தை படியேறினார்.

மழை இல்லை. இலேசாக வெயில்கூட அடித்ததாம். பெரிய லொறி ஒன்று கருங்கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது மேல் லயம் இருந்த இடம் சிவப்பாக இருந்தது.

நான் கிழக்கிலிருந்து புறப்பட்டு, நோர்வூட்டிலிருந்து நடந்து ஏறிப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அத்தையை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அடக்கம் முடிந்து மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தையின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா கடைசியா ஒன்கிட்டதான மச்சான் பேசுச்சு. என்னா சொன்னுச்சு?" "மழை விட்டிருச்சுன்னு சொன்னாங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள்.

நான்கு மாதம் அப்படியே போனது. கருவிகள் இறங்கின, ஏறின. நான் கோடுகளைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அது நிற்கும் வரை என்னால் வேறெதையும் கேட்க முடியவில்லை. நின்ற பிறகோ அதைவிட மோசம். பிறகு அலுவலகம் அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. கடலுக்கடியில் எடுத்த அளவு புயல் பலம் குறையாது என்பதை முன்கூட்டியே காட்டியது, அதனால் ஒரு மலைத்தோட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உரிய நேரத்தில் வெளியேற்றப்பட்டனர் என்று ஒரு வரி. கொழும்பில் நடக்கும் கூட்டத்தில் நானே அதை வாசிக்க வேண்டுமாம். அந்த மலையில் பிறந்தவன் வாசித்தால் நன்றாக இருக்குமாம். நான் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

அத்தை மகள் இப்போது மற்றக் குடும்பங்களோடு கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தில் இருக்கிறாள். சாக்குத் திரைகளால் பிரித்த அறைகள். தேநீர் கொடுத்தாள். பீலியைப் பற்றி அத்தை கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். உன்னால் இல்லை மச்சான் என்று அவள் சொல்வாள் என ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். அம்மா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுச்சு. எல்லாரும் சுத்தி நின்னோம்."

சங்கு ஊதியதும் பழக்கத்தில் ஆட்கள் எழும்பிவிட்டார்கள், அத்தை சும்மா ஒரு வார்த்தைக்குத்தான் என்னைக் கேட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"யாரு எந்திரிச்சா? சங்கு ஊதியும் ஒரு ஆளு எந்திரிக்கல மச்சான். பீலி நின்னத எல்லாரும்தான் பாத்தோம். மேல் லயத்துப் பெரியவரு, பேரு போனா போகட்டும், நான் அங்கிட்டு போகலன்னு செவுத்தோரமா சாஞ்சுட்டாரு. அவரு சொன்னதும் மத்தவங்களும் உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறந்தான் அம்மா, சரி, தம்பிய கேப்போம்னுச்சு." மடித்த துணியை மீண்டும் உதறினாள். "சருகு அடைச்சிருக்கும்னு நீ சொன்னதும் எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பயந்துட்டமேன்னு வெக்கத்துல சிரிச்சாங்க. பெரியவருதான் மொத ஆளா எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டினாரு."

பெரியவர் திரும்பி வந்த ஐந்து பேரில் இல்லை.

தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வேறு தேநீர் கொண்டுவந்தாள். "குடிச்சிட்டு எழுது மச்சான்" என்றாள். "எழுதத்தான வந்திருக்க. உள்ளத எழுது."

அறிக்கையை மடியில் விரித்து, அந்த வரிக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதினேன். மறுநாள் காலை மேல் லயத்து ஊற்று நின்றுபோனதை மக்கள் பார்த்தார்கள், அதை எங்களிடம் சொன்னார்கள், நாங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 'எங்களிடம்' என்பதை வெட்டி 'என்னிடம்' என்றும், 'நாங்கள்' என்பதை வெட்டி 'நான்' என்றும் மாற்றினேன். வினைச்சொல்லையும் அதற்கேற்றபடி திருத்தினேன். எத்தனை பேர் என்று எழுதும் இடத்தில் ஏழு என்று போட்டேன். தோட்டத்து ஆபீஸ் பட்டியலில் அப்படித்தான் இருந்தது: அன்றும் அடுத்த நாளும் எடுத்த ஆறு பேர், மூன்றாம் நாள் அத்தை.

அவள் குனிந்து பார்த்தாள். "இது பழைய லிஸ்ட்டு" என்றாள். பிளேன்டீ வைத்திருந்தவளை மண்ணிலிருந்து உயிரோடுதான் எடுத்தார்களாம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாளாம். போன மாதம்தான் போய்ச் சேர்ந்தாளாம். பட்டியல் எழுதும்போது அவள் உயிரோடு இருந்ததால் அதில் இல்லை.

ஏழு என்பதை வெட்டினேன். எட்டு.